எண் பொருந்தாத துப்பாக்கி

சம்பந்தி,

கையெல்லாம் ஆளிவிதை எண்ணெய். காலையிலிருந்து துப்பாக்கிக் கட்டையில் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கு முழுக்கப் பிசுக்கு. சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. எதிர்வீட்டுக்காரி கதவைத் தட்டி, "பெயிண்ட் அடிக்கிறீங்களாக்கா? சொல்லியிருந்தா எங்கூட்டு கிரில்லுக்கும் அடிச்சிகினு இருப்பேன்ல" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். நீ இருந்திருந்தால் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கையில் ஒரு துணியையும் கொடுத்துத் தேய்க்க விட்டிருப்பாய்.

இன்றைக்கு இவ்வளவு வேகமாகத் தேய்த்ததற்குக் காரணம் கோபம்தான். ரைபிள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆள் காலையில் வீட்டுக்கு வந்திருந்தார். கொரட்டூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம், பட்டாளம் கழித்துப்போட்ட பழைய துப்பாக்கிகள் என்றால் உயிர். என் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் பல்பு எரிந்தது, உடனே அணைந்தும் போனது.

"ஆண்ட்டி, பீஸ் சூப்பரு. ஆனா நம்பர் மேட்ச் ஆகலையே. பாடில ஒண்ணு கீது, போல்ட்ல வேற கீது. ஒரிஜினல் போல்ட் இருந்தா சொல்லுங்க, நல்ல வெலைக்கு நானே எடுத்துக்கிறேன். இப்டியேன்னா பாதி தேறாது."

"நான் விக்கறேன்னு எப்ப சொன்னேன்?"

"இல்ல ஆண்ட்டி, இப்ப இல்ல. ஒங்களுக்கப்புறம்..."

எனக்கு அப்புறமாம். காபி கொடுக்கலாம் என்று அடுப்பில் பால் வைத்திருந்தேன். போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "எனக்கப்புறம் வாங்க, பேசிக்கலாம்" என்று வாசலைக் காட்டினேன். பாவம், எதற்குத் திட்டு வாங்கினோம் என்று தெரியாமலே படி இறங்கினார். அவர் போனதும் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தவள்தான், இன்னும் கீழே வைக்கவில்லை.

அவர் சொன்னது தப்பில்லை. சேகரிக்கிறவர்களுக்கு எண்தான் முதல். துப்பாக்கியின் உடலில் ஓர் எண் வெட்டியிருக்கும். பின்னால் இழுத்து முன்னால் தள்ளித் தோட்டாவை ஏற்றுகிற அந்த இரும்புத் தண்டிலும், அதுதான் போல்ட், அதே எண் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிறந்தபோது இருந்த மாதிரியே இருக்கிறது என்று அர்த்தம். நானும் அந்த ஜாதிதானே. ஆவடியில் பட்டாளத்துச் சட்டைகளின் தையலைச் சோதித்து, ஒரு கண்ணி பிசகினாலும் திருப்பி அனுப்பியே காலம் தள்ளியவள்.

பூந்தமல்லியில் பாயின் துப்பாக்கிக் கடைக்கு நாம் முதன்முதலாகப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுக்க வைத்திருந்த பாயிண்ட் டூ டூ துப்பாக்கிகள். எப்போதோ உதவாது என்று கண்டம் பண்ணி ஏலம் விட்டு, யார் யார் வீட்டிலோ இருந்துவிட்டு, கடைசியில் பாய் கடையில் ஜோடியாக வந்து நின்றன. சண்டைத் துப்பாக்கி மாதிரியே கனம், குழல் நுனி வரைக்கும் மரம், ஆனால் சின்னத் தோட்டா. நான் டார்ச் அடித்து எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒன்றை எடுத்துத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாய்.

"இன்னாம்மா, கண்ண மூடிகினு பாக்கறீங்க?" என்றார் பாய்.

"ஒடம்புக்கு ஒக்காருதான்னு பாக்கறேன் பாய். கண்ணு தொறந்து பாக்கறத இவ பாத்துப்பா."

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டுக்காரர்களுக்கு மெஸ் நடத்திக்கொண்டிருந்தவள் நீ. அன்றைக்கு மத்தியான சாம்பாரை மாஸ்டரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாய். பொம்பளைக்கு எதற்குத் துப்பாக்கி என்று நம்மிடம் கேட்காத ஆள் உண்டா? உரிமத்துக்கு விசாரிக்க வந்தவர் கேட்டார், என் அண்ணன் கேட்டார், உன் மெஸ்ஸில் சாப்பிட வருகிறவர்களும் கேட்டார்கள். நான் எல்லாருக்கும் விளையாட்டு, பயிற்சி, கவனம் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன். நீ ஒரே வார்த்தை சொல்வாய்: "புடிக்கும்." அதற்கு மேல் யாராலும் எதுவும் கேட்க முடியாது. எனக்கு அந்தப் பதில் வருவதற்கு நாளாயிற்று.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா, அந்த வரிசையில் பெண்கள் நாம் மட்டும்தான். ஒரு தடவை எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா நிமிர்ந்து பார்த்து, "ஊட்டுக்காரர் வரலியா?" என்றார். நீ சிரிக்காமல் சொன்னாய்: "அவரு எதுக்கு சார்? அவரு ஓட்டுதான் போடுவாரு. சுடறது நானு." பின்னால் நின்ற பண்ணைக்காரர் ஒருவர் இருமிக்கொண்டே சிரித்தார். ஏட்டையாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நம் இரண்டு துப்பாக்கிகளையும் சணலால் ஒன்றாகக் கட்டி மூலையில் சாத்தினார்.

தேர்தல் முடிவு வந்து, துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிய அன்றுதான் அது நடந்தது. ஸ்டேஷன் ஈரத்திலும் ஊர்க்கையெல்லாம் பட்டதிலும் இரும்பில் செம்பட்டையாகத் துரு படிந்திருந்தது. அண்ணனூரில் உன் வீட்டு மொட்டைமாடியில் பழைய புடவையை விரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கழற்றிப் போட்டோம். ரயில்கள் ஷெட்டுக்குப் போகிற சத்தம். வடகம் காய்ந்துகொண்டிருந்தது. துடைத்து முடிக்கிற நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொண்டது. நீ வடகத்துக்கு ஓடினாய். நான் துப்பாக்கிகளின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். அப்புறம் கிடைத்ததைக் கிடைத்ததில் சொருகி, நனைந்த புடவையோடு மாடிப்படியில் உருண்டு புரண்டு இறங்கினோம்.

அடுத்த ஞாயிறு கிளப்பில் நீ சுட்ட ஐந்தும் ஒரே ஓட்டையாக விழுந்தன. அப்படி நீ சுட்டதே இல்லை. என்னுடையதும் மோசமில்லை. துடைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். உன் போல்ட் என் துப்பாக்கியில், என் போல்ட் உன் துப்பாக்கியில். இப்போதே மாற்றிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

நீ துப்பாக்கியைப் பின்னால் இழுத்துக்கொண்டாய். "த்தே, சும்மா இரு. எங்கூட்டுப் பொண்ணு ஒங்கூட்டுக்கு போயிட்டா. ஒங்கூட்டுப் பொண்ணு எங்கூட்டுக்கு வந்துட்டா. கொண்டான் குடுத்தான் ஆயிப்போச்சி. நல்லாத்தானே குடும்பம் நடத்துதுங்க? இனிமே நீ எனக்கு சம்பந்தி."

அன்றிலிருந்து அதுவே பேராகிவிட்டது. கேட்கிறவர்கள் உன் மகனுக்கு என் பெண்ணைக் கொடுத்திருப்பதாக நினைத்தார்கள். எனக்கு ஏது பெண்? அந்த இரும்புத் தண்டுதான்.

போன ஆடியில் நீ போனாய். மெஸ்ஸில் காய் நறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்தாய் என்றார்கள். நான் வந்து சேர்வதற்குள் உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். வலது கை ஆள்காட்டி விரலில் கறிவேப்பிலை வாசனை இன்னும் இருந்தது. நான் அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, துப்பாக்கிப் பெட்டியின் மேல் தலையை வைத்து அழுதேன்.

உன் மகனைக் குறை சொல்லக் கூடாது. பெங்களூரிலிருந்து வந்தவன், எல்லாக் காரியத்தையும் ஒழுங்காகச் செய்தான். துப்பாக்கியை மட்டும் பார்க்கவே பயந்தான். பாய் கடையில் பாதுகாப்புக்குக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"ஆண்ட்டி, அத போலீஸ்ல சரண்டர் பண்ணிடறேன். அவங்க உருக்கிடுவாங்களாம்."

"எதுக்குடா உருக்கணும்? எம்பேருக்கு மாத்திக் குடு."

"ஒங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு கீதே. அதுக்கு மேல வெக்கக் கூடாதாமே."

"அந்த ஜெர்மன் துப்பாக்கிய வித்துடறேன். இடம் காலியாயிடும். ஆபீஸ் ஆபீஸா நான் அலையறேன், நீ கையெழுத்து மட்டும் போடு. ஆறு மாசம் குடு."

ஜெர்மன் துப்பாக்கி எது என்று உனக்குத் தெரியும். ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணம் மொத்தத்தையும் போட்டு வாங்கியது. அதைத்தான் சொன்னேன், யோசிக்காமல் சொன்னேன். அவன் சரி என்றான். அதை வாங்குகிற ஆளைக்கூட நான் பார்த்துவிட்டேன். ஆனால் இரண்டு மாதம் ஆவதற்குள் போன் வந்தது. "ஆண்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. வாரிசு பேப்பரு, அது இதுன்னு என்னால அலைய முடில. ஊட்ல கொழந்த கீது, என் ஒய்ப்பு இந்த பேச்சே வாணான்றா. போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்."

கத்தினேன். உங்கம்மா சாமானை உருக்க நீ யாருடா என்று கேட்டேன். அவன்தான் வாரிசு, நான் யாருமில்லை. சட்டத்தில் சம்பந்தி என்று ஒரு கட்டம் கிடையாது. ஸ்டேஷனுக்குப் போனேன், மனு கொடுத்தேன், வாரிசு சம்மதமில்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். மறுபடியும் போனேன். மறுபடியும் தண்ணீர்.

பிறகு பாய் கூப்பிட்டார். "நாளைக்கு எடுத்துகினு போக வர்றாங்கம்மா. ஒருவாட்டி பாத்துக்கிறீங்களா?" என்றார். என் துப்பாக்கியையும் உறையில் போட்டு, உரிமத்தையும் எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் பூந்தமல்லி போனேன்.

கண்ணாடி மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். நம் கதை அவருக்குத் தெரியும்.

"ஒங்க போல்ட்டு அதுல கீது. அவங்களுது ஒங்க கிட்ட கீது. மாத்திகினு போங்கம்மா. லைசன்ஸ்ல பாடி நம்பர் மட்டும்தான், யாரும் கேக்க மாட்டாங்க. ஒங்க துப்பாக்கி முழுசாயிடும், வெலையும் நிக்கும். உருக்கப் போறதுக்கு எந்த போல்ட்டு இருந்தா இன்னா?"

அதற்காகத்தான் நானும் கொண்டுபோயிருந்தேன். உனக்கு உன்னுடையது, எனக்கு என்னுடையது, போகிறவள் முழுசாகப் போகட்டும் என்று வழியெல்லாம் மனசைத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு போல்ட்டையும் கழற்றினேன். உன்னுடையது என் கையில், என்னுடையது மேசைமேல். என்னுடையதை எடுத்து என் துப்பாக்கியில் வைத்தால் எண் சரியாகிவிடும். ஆனால் அதைச் செய்துவிட்டால் உன்னுடையது என்று இந்த ஊரில் ஒரு திருகுகூட மிஞ்சாது. கழித்துப்போட்டதை நாம் வாங்கித் துடைத்து ஆளாக்கினோம், அதை மறுபடி கழிப்பதற்கு நானே முழுசாக்கிக் கொடுப்பதா? எனக்கு அப்படியொரு கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. உன்னுடையதை என் துப்பாக்கியிலேயே மறுபடி சொருகி மூடினேன். என்னுடையதை உன் துப்பாக்கியில் வைத்தேன்.

"இன்னாம்மா, மாத்தலியா?"

"இல்ல பாய்."

"நம்பரு..."

"நம்பர் கெடக்குது பாய். புடிக்கும், அதான்."

பாய் ஷட்டரைத் தூக்கிவிட்டு, எனக்கு ஒரு டீ சொன்னார்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். முட்டி வலி, குப்புறப் படுத்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும், ஆனாலும் போகிறேன். ஜெர்மன் துப்பாக்கி பெட்டியிலேயே தூங்குகிறது. இதை எடுத்துப் போனால் ஏளனமாகப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். சுடுவதற்கு முன்னால் நீ சொன்னபடி மூச்சைப் பாதி விட்டு, பாதி வைத்துக்கொள்கிறேன். உள்ளே உன் போல்ட் போய்ப் பூட்டுகிறது.

உன் துப்பாக்கியை உருக்கிவிட்டார்களா, இன்னும் ஏதோ ஓர் அறையில் சணல் கட்டோடு சாத்தி வைத்திருக்கிறார்களா, எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்ல மாட்டார்கள். எதுவானாலும் அது தனியாகப் போகவில்லை, என் வீட்டுப் பெண் கூடவே போயிருக்கிறாள். உன் வீட்டுப் பெண் என்னிடம் இருக்கிறாள். கொரட்டூர்க்காரர் வரட்டும், பாதி இல்லை, முழு விலையே தரட்டும், அவளுக்குப் பதிலாக அச்சில் வார்த்த மாதிரி புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து நீட்டட்டும்.

அனுப்ப மாட்டேன், சம்பந்தி.