இளையவள் முதலில் சொல்ல வேண்டும்

பலெர்மோ
16 நவம்பர்

அன்பு மகள் அபிதாவுக்கு,

இஞ்சை நானும் அப்பாவும் சுகம், அங்கை லெஸ்டரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க அம்பாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் நோ குறைந்து பொலிதேயாமாச் சந்திக் கடையில் சமையல் வேலைக்குத் திரும்பிவிட்டார், வீட்டுச் சுவரில்தான் இந்த மழைக்கும் ஈரம் ஊறுகிறது. போன ஞாயிறு நீ போனில், இவ்வளவு ஆதாரம் இருக்க அந்தக் கொலை வழக்கில் ஏனம்மா அவனை விட்டனீங்கள் என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபமில்லை பிள்ளை, எழுதினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

கொலை வழக்குகளுக்கு இரண்டு நீதிபதிகளோடு ஊர்ச்சனத்தில் ஆறு பேரைச் சீட்டிழுத்துத் தீர்ப்புச் சொல்ல இருத்துவார்கள் என்பது உனக்குத் தெரியும். என் பேர் வந்தபோது நான் வேலை செய்யும் வீட்டுக்கார சிஞ்ஞோரா, இனி உன்னிடம் தூசி தட்டச் சொல்லப் பயமாயிருக்கு என்று பகிடி விட்டாள். இத்தாலிக் கொடியின் மூவர்ணப் பட்டியை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு இருந்த முதல்நாள் எனக்கும் கொஞ்சம் பெருமைதான். செத்தது ரயில் ஸ்தாசியோனே பக்கம் பழம் விற்ற இருபத்தாறு வயதுப் பெடியன். சுட்டதைக் கண்டவர் இல்லை. அவனோடு முன்பு சண்டை பிடித்த ஒருவனின் வீட்டில் கைத்துப்பாக்கி அகப்பட்டது, தெருவில் சுட்டபின் தெறித்த வெற்று ரவைக்கோது ஒன்று கிடந்தது. அந்தக் கோது அந்தத் துப்பாக்கியிலிருந்துதான் விழுந்ததா என்பதே முழு வழக்கும்.

துப்பாக்கி ஆய்வு நிபுணர் இரண்டு கோதுகளைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார், ஒன்று தெருவில் எடுத்தது, மற்றது அந்தத் துப்பாக்கியால் அவர்கள் சுட்டுப் பார்த்தது. பித்தளையில் கீறல்கள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழும்பி, எத்தனை கீறல் பொருந்தினால் போதும் என்று கணக்கு உண்டா என்று கேட்டார். கணக்கில்லை, அனுபவம்தான் என்றார் நிபுணர். உங்கள் முடிவை இன்னொருவர் சரிபார்த்தாரே, பார்க்க முன்னமே உங்கள் முடிவு அவருக்குத் தெரியுமா என்று வக்கீல் அடுத்துக் கேட்டார். நிபுணர் ஒளிக்கவில்லை. "தெரியும்" என்றார்.

முடிவு தெரிந்து பார்த்தவர் சும்மா ஆமென்று தலையாட்டியிருக்கலாம் என்று பட, அந்த ஒரு சொல்லோடு எனக்கு விக்னராஜா மாமா நினைவுக்கு வந்தார். நீ படத்தில் மட்டும் கண்ட என் அண்ணன். அப்போது எனக்குப் பதினொரு வயது, ஆமிக்காரர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்துப் பெடியளை வரிசையில் நிறுத்தினார்கள், ஜீப்புக்குள் முகத்தைச் சாக்கால் மூடி, ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி ஒருவன் இருந்தான். அண்ணனைக் கண்டு தலையை ஆட்டினான். அவ்வளவுதான், கொண்டுபோன அண்ணன் திரும்பவில்லை. ஆனால் அபிதா, அந்த நினைவைக் கொண்டு தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று என்னை நானே பல நாள் கண்டித்தேன். இந்த நிபுணர் தலையாட்டி இல்லை. முகம் காட்டி, பேர் சொல்லி, கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொன்னவர். அண்ணனுக்குக் கிடைக்காத கேள்வி இந்த வழக்கில் கேட்கப்பட்டது, கேட்டபிறகு அந்த மறுமொழியைக் கேளாததுபோல் விட எனக்கு முடியவில்லை.

இந்த நாட்டுச் சட்டத்தில், பெரியவர்களைப் பார்த்து மாறாமலிருக்க, வயதில் இளையவர்தான் முதலில் வாக்குச் சொல்ல வேண்டும். ஆறு பேரில் இளையவள் நான்தான். வீட்டில் மூத்தவர்கள் கதைத்து முடியும்வரை வாய் திறக்காமல் வளர்ந்தவள், அன்று எல்லோருக்கும் முதல் வாய் திறந்தேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன், எழுதக்கூடாது, நீயும் கேளாதே.

துப்பாக்கி வைத்திருந்ததற்குத் தண்டனை, கொலைக்கு விடுதலை என்று வாசித்தபோது செத்த பெடியனின் தாய் அழவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், கடைசியில் கண் என்னில் வந்து நின்றது. என் அம்மா அந்த ஜீப்பைப் பார்த்த பார்வை அது. இவன்தான் செய்தானோ என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சரியாகச் செய்தேன் என்று சொல்லி உன்னிடம் தப்பவும் விரும்பவில்லை. வியாழக்கிழமை சாந்தா ரொசாலியா கோயில் மலைக்கு ஏறி அந்தத் தாய்க்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன், வேறொன்றும் கேட்கவில்லை.

நீ ஆஸ்பத்திரி லாப்பில் மற்றவர் பார்த்த கண்ணாடித் தகடுகளைத் திரும்பச் சரிபார்க்கிறாய் என்று சொன்னாய். ஒரு புத்திமதி மட்டும். முதலாமவர் எழுதின தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உன் கண்ணால் பார், பிறகு நிமிர்த்து. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. அம்பாள் உன்னோடு துணை நிற்பாள்.

என்றும் உன்னை நினைக்கும்
அம்மா
குகனேஸ்வரி