படத்தில் இருக்கும் பின்னல்

தவமணி,

பீடோர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன்.

முடி கொட்டுகிறது, இன்று சாயங்காலம் சிலிம் ரிவர் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று நேற்று அழுதாய். ஆறுதல் சொன்னால், "போங்கப்பா, வழுக்கத் தலைக்கு என்னா தெரியும்லா!" என்றாய்.

தெரியும். என் முடி போனது பரம்பரை வாகு; அது திரும்பாது. உனக்குக் கொட்டுவது மூன்று மாதத்துக்கு முன் வந்த டைபாய்டால். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டேன். கடும் காய்ச்சலுக்குப் பிறகும் பிள்ளை பெற்ற பிறகும் இப்படிக் கொட்டி, தானாகவே வளர்ந்துவிடுமாம்.

உன்னைப் பெற்ற பிறகு அம்மாவுக்கும் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சுவரில் இருக்கும் படத்தைப் பார். அந்த நீளப் பின்னலில் பாதி சவுரி. உதிர்ந்த தன் முடியையே சேர்த்துக் கட்டியது. அடுத்த வருஷம் அது தேவைப்படவில்லை. "யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்றாள். அவள் போன பிறகும் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அலமாரிச் சாவி அரிசி டின்னுக்கு அடியில். மேல்தட்டில் பிஸ்கட் டின்னுக்குள் சவுரி இருக்கிறது. சிக்கெடுத்து வை.

அப்பா

நாலு மணிக்கு வந்துவிடுவேன். சவுரி வைத்துப் பின்னத் தெரியாதே என்று கவலைப்படாதே. அம்மாவுக்கு நான்தான் பின்னிவிடுவேன்.