நீங்கள் வைக்காத கையெழுத்து

அக்கா,

இன்று காலை மிசிசாகாவில், போதைமருந்துப் பரிசோதனை நிலையத்துக் கழிப்பறையில் அந்த நீலத் தண்ணீரை மறுபடியும் பார்த்தேன். மலக்கோப்பைத் தண்ணீரைச் சிறுநீரில் கலந்து யாரும் ஏமாற்றிவிடக்கூடாது என்று அதற்குள் சாயம் ஊற்றி வைக்கிறார்கள். எல்லை தாண்டி ட்ரக் ஓட்டும் எங்களை முன்னறிவித்தல் இல்லாமல்தான் கூப்பிடுவார்கள், அது எனக்குப் பழகிப்போன சங்கதி. ஆனால் உங்களைத் தகனம் செய்து ஒரு கிழமைதான் ஆகிறது. சின்னப் போத்தலைக் கையில் பிடித்தபடி உங்களோடு கதைத்துக்கொண்டு நின்றேன்.

ஊரில் யுத்தம் முடியப்போகிற அந்த வசந்தத்தில்தான் உங்களிடம் முதலில் வந்தேன். என் தம்பி வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். எந்த நேரம் அவனுடைய அழைப்பு வரும் என்று தெரியாது. கண்ணயர்ந்தால் தவறவிட்டுவிடுவேன் என்ற பயத்தில், இன்னொரு சாரதி தந்த தூக்கம் விரட்டும் குளிசைகளை விழுங்கத் தொடங்கினேன். பரிசோதனையில் பிடிபட்டேன். கொம்பனி ட்ரக் திறப்பை வாங்கிக்கொண்டு போதைப் பழக்க ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தந்தது. அதில் உள்ள ஒருவர் என்னை விசாரித்து, சிகிச்சை சொல்லி, நான் அதை முடித்தபின் கையெழுத்து வைத்தால்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடலாம். பட்டியலில் ஒரேயொரு தமிழ்ப் பெயர் இருந்தது. எங்கள் ஆள்தானே, அலுவல் சுகமாக முடியும் என்று நினைத்துக்கொண்டு ஸ்காபரோவில் உங்கள் அலுவலகப் படி ஏறினேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்.

எந்த ஊர் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. "தம்பி, நான் உமக்காகவும் கதைக்கமாட்டன், கொம்பனிக்காகவும் கதைக்கமாட்டன். ரோட்டில உமக்கு முன்னாலயும் பின்னாலயும் போற சனத்துக்காகத்தான் இந்தக் கதிரையில இருக்கிறன்," என்றீர்கள்.

நீங்கள் சொன்ன வகுப்புகளுக்கும் ஆலோசனைக்கும் ஒழுங்காகப் போனேன். குளிசையை விட்டேன். இரண்டாம் முறை நான் வந்தபோது யுத்தம் முடிந்து சில கிழமைகள் ஆகியிருந்தன. தம்பியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. என் உடம்பில் மருந்தில்லை, வகுப்பில் நல்ல பெயர், கையெழுத்தை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான் என்றிருந்தேன். நீங்கள் கோப்பைத் திறக்காமலே கேட்டீர்கள்.

"ஆருக்குக் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீர்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"உள்ள வந்த பிறகும் பிடிச்சுக்கொண்டு நிண்டனீர். இன்னொரு ஆள் வாற அளவுக்கு."

மறைக்கத்தான் நினைத்தேன், வாய் கேட்கவில்லை. யுத்தம் முடிந்த செய்தி வந்த நாளிலிருந்து தம்பி என் காரில் பக்கத்து இருக்கையில் இருக்கிறான் என்றேன். பேசமாட்டான். இடுப்பில் கட்டிய சாரம் நனைந்திருக்கும். அவன் ஏறியதும், பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தத் தொடங்கும். வெறும் இருக்கைக்கு நான் பெல்ட்டை இழுத்துப் பூட்டினால்தான் ஓயும். கராஜில் பார்த்தவன் பழுது ஒன்றும் இல்லை என்றான்.

நீங்கள் சிரிக்கவில்லை. என் பக்கத்துக் கதிரையில் கிடந்த உங்கள் கைப்பையை எடுத்து நிலத்தில் வைத்தீர்கள். அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

"அவர் எங்க பாத்துக்கொண்டிருப்பார்?"

"எதிர்ப்பக்கமா வாற ட்ரக்குகளை."

"அப்ப நீர்?"

கார் ஓட்டும்போது அவன் பார்க்கும் பக்கமாக என் கை தானாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. ட்ரக்கைத் திரும்பக் கேட்பது சம்பளத்துக்கு என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் ஒரு நீண்ட தெருவில் அவனோடு போய்ச் சேரவே ட்ரக்கைக் கேட்டேன். எனக்கே நான் சொல்லிக்கொள்ளாததை நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.

"குளிசை இல்லை எண்டது உண்மை. ஆனா இண்டைக்குக் கையெழுத்து இல்லை. கார்த் திறப்பையும் உம்மட மனிசியிட்டக் குடுத்திட்டு பஸ்ஸில போம்," என்று சொல்லி, ஒரு மனநல வைத்தியரின் பெயரை எழுதி நீட்டினீர்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லைப் போல. அதுதான் இப்பிடி இருக்கிறியள்," என்றேன்.

நீங்கள் பேனையை மூடினீர்கள். "பஸ் கீழ பிளாசா வாசல்லயே நிக்கும்," என்றீர்கள். அவ்வளவுதான்.

இலையுதிர்காலம்வரை இழுத்தடித்தீர்கள். வந்த ஒவ்வொரு முறையும் இல்லை, இல்லை, இல்லை. உங்களைத் திட்டாத நாளில்லை. வைத்தியரோடு பேசப் பேச, தம்பி சில நாள் வந்தான், சில நாள் வரவில்லை. கடைசியில் ஒருநாள் தனியாக வந்திருந்து, அவன் இனி இல்லை அக்கா என்று சொல்லி உங்கள் முன்னால் அழுதேன். அன்றுதான் கையெழுத்து வைத்தீர்கள். கூடவே, சொல்லாமல் கொள்ளாமல் வரும் பரிசோதனைகளையும் சட்டம் விட்ட அளவுக்கு நீட்டி எழுதிவிட்டிருந்தீர்கள். அதுதான் உங்கள் குணம்.

போன கிழமை உங்களைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில், அம்மாவை எப்படித் தெரியும் என்று உங்கள் மகள் கேட்டார். என்னைப் போன்றவர்களைப் பற்றி நீங்கள் வீட்டில் மூச்சும் விட்டிருக்கமாட்டீர்கள். "வேலை விசயமா ஒருக்கா உதவினவ. நான் ட்ரக் ஓடுறனான்," என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அம்மா ஒருநாளும் முன் சீட்டில இருந்ததில்லை, அங்கிள். நான் தனிய ட்ரைவ் பண்ணினாலும் அவ பின்னுக்குத்தான். முன்னுக்கு ஆள் இருக்கு எண்டுவா. ஜோக் எண்டுதான் நாங்கள் நினைச்சம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

யார் அக்கா அது? எந்த வருடத்திலிருந்து உங்களோடு வந்தார்? உங்கள் முன்னால் அத்தனை முறை இருந்தும் நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும், எதிரே வந்த முகம் தெரியாத யாரோ சிலரும் உயிரோடு இருப்பது உங்கள் பிடிவாதத்தால். அந்த நன்றி எப்போதும் இருக்கும். ஆனால் இந்தக் கிழமை முழுக்க ட்ரக்கில் என்னோடு கூட வருவது நான் சொன்ன அந்த ஒரு பேச்சுத்தான். உங்கள் வீட்டில் ஒருத்தரும் சாகவில்லைப் போல என்று, அந்த அறைக்குள் நாங்கள் நாலு பேர் இருந்தபோது சொல்லியிருக்கிறேன்.