கொனீலி என்ற பெயர்

அன்பே,

கொனீலி என்ற குடும்பப் பெயர் கொண்ட நீங்களெல்லாம் கடல்நாயின் வழிவந்தவர்கள், அதைக் கொல்லக் கூடாது என்று உங்கள் வீட்டில் சொன்னபோது நான் சிரித்தேன். கொனீலி என்பது யாரோ ஒரு முன்னோரின் பெயர்தான் என்று, குடும்பப் பெயர்களின் வரலாற்றைச் சொல்லும் ஒரு புத்தகத்தைக் காட்டினேன். மறுநாள் நீ துப்பாக்கியை எடுத்தாய்.

"சொந்தக்காரனையே சுட்டுட்டியேடா!" என்றார் உன் அம்மா.

"வலையைக் கிழிக்கிறவன் என்னம்மா சொந்தக்காரன்?" என்றாய்.

பதினோராம் நாள் உன் படகு மட்டும் திரும்பியது.

நேற்று நம் மகனின் பிறப்பைப் பதியப் போனேன்.

"கொனீலிதானேம்மா?" என்று எழுத்தர் பேனாவை எடுத்தார்.

"இல்லீங்க, என் குடும்பப் பேரைப் போடுங்க."



புத்தகத்தை மறுபடி பார்த்தேன். அதில் பிழை இல்லை. ஆனாலும் படகுத்துறையில் ஒரு கடல்நாய் தலைதூக்கும்போதெல்லாம், மகனை ஜன்னலருகிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
புத்தகத்தைக் காட்டியவள்