ஓரத்தில் யார் பெயர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் என் இடது கண்ணைத் தவிர இங்கே எல்லாம் சுகம், நீயும் அங்கே நல்ல உடம்போடு வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறோம். கண்புரை ஆபரேஷன் ஆகி மூன்று வாரம், ஒரு மாதம் எதையும் வாசிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நான் சொல்லச் சொல்ல அம்மாதான் இதை எழுதுகிறாள், அதனால் அவளைப் பற்றிய குறை எதுவும் இதில் இருக்காது. பைபிள் வாசித்தால் மனதில் நிற்பதில்லை, அப்பா எப்படி வாசிக்கிறார் என்று அம்மாவிடம் போனில் கேட்டாயாம். மூன்று வருஷமாக நான்தான் உன்னோடு பேசவில்லை, பிறகு என்னிடம் எப்படிக் கேட்பாய். ஆனாலும் சரியான ஆளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாய். ஒன்பது முறை முழுக்க வாசித்து, ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தவன் நான். முப்பது வருஷம் ஆயத்த ஆடை ஆலையில் தரம் பார்த்த பழக்கம், சட்டையில் குறை தெரிந்தால் அங்கே அம்புக்குறி ஒட்டி, தைத்தவர் யார் என்று எழுதித் திருப்பி அனுப்புவோம், வேதத்தையும் அப்படியேதான் வாசித்தேன். நல்ல புத்திமதி வந்தால் சிவப்புக் கோடு, ஓரத்தில் அது யாருக்கு என்று ஒரு குறிப்பு.

இப்போது அம்மா தினமும் காலையில் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். வசனத்தோடு ஓரத்தையும் சேர்த்து வாசிக்கிறாள், அதுதான் தொல்லை. பெருமை கூடாது என்கிற இடத்தில் சபைச் செயலாளர், பொய் கூடாது என்கிற இடத்தில் மாடிவீட்டுத் தையல்காரர். அங்கே நிறுத்தி, பொண்ணு டீச்சர் வேலையை விட்டுட்டு சைக்கிள் ரிப்பேர் கடை வச்சிருக்கான்னு சொல்ல வெட்கப்பட்டு, போக்குவரத்துத் துறையில இருக்கான்னு சபை பூராவும் சொன்னது தையல்காரராங்க என்று கேட்டாள். கண்ணுக்கு மருந்து விடும் நேரம் என்றேன். அன்றைக்கு முழுவதும் மருந்து விடும் நேரமாகவே இருந்தது. உன்னைப் பதினாறு இடத்தில் எழுதியிருக்கிறேன், என்னை ஓரிடத்தில்கூட எழுதவில்லை. போன செவ்வாய்க்கிழமை, வீட்டை விட்டுத் தூரதேசம் போய்த் திரும்பி வந்த இளைய மகன் கதை வந்தது. அவன் பக்கத்திலும் நீதான், இரண்டு கோடு போட்டு. அம்மா அந்த இடத்தை இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு, கதையில பையன் மட்டுமா இருக்கான், தூரத்துல பார்த்ததுமே ஓடிப்போறாரே ஒரு அப்பா, அவர் பக்கத்துல யாரையும் எழுதலையே என்றாள். ஒன்பது முறை வாசித்தும் அந்த மனிதர் ஓடியது என் கண்ணில் படவேயில்லை. மருந்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அழுதேன், கண்ணுக்கு ஆகாது என்று அம்மா அதட்டினாள்.

ஆகவே என்னைப்போல் வாசிக்காதே. கொஞ்சமாக வாசி, வாய்விட்டு வாசி, கதையில் வரும் ஒவ்வொருவர் இடத்திலும் ஒரு தடவை நின்று பார், பிடிக்காத ஆளின் இடத்தில் இரண்டு தடவை. கேள்வி கேட்கிற ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை செயலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். என் சைக்கிள்ல பிரேக் சரியா பிடிக்கல என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. நீ கடை வைத்தது தப்பில்லை அம்மா, நான் பேசாமல் இருந்ததுதான் தப்பு, மன்னித்துவிடு. அடுத்த மாதம் பத்தாம் தேதி ரயிலில் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. மறந்துவிடாதே, நீ ஸ்டேஷனுக்கு வரக் கூடாது, கடையிலேயே இரு. வர வேண்டியவன் நான். கர்த்தர் உன்னையும் உன் கைகளின் வேலையையும் ஆசீர்வதிப்பாராக.

உன் அப்பா

(எழுதியது அம்மா. ஓடி வருவாராம். முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி வை.)