கம்பிக்கு உள்ளே நின்றவனுக்கு

இன்று காலை களம்பூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். குளித்த ஈரம் காயாத தலை. சந்தன சோப்பு வாசனை. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அது உன் வாசனை. என்னைப் பார்க்க வருகிற நாட்களில் நீ இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பாய். கடை வாசனை போக வேண்டுமே என்று. "இப்ப வருதா பாரு" என்று முழங்கையை நீட்டுவாய். நான் முகர்ந்து பார்த்து, இல்லை என்பேன். ஒரு மனிதனை அப்படிக் கையை நீட்ட வைத்திருக்கிறேன். முகர்ந்தும் பார்த்திருக்கிறேன். நினைத்தால் இன்னும் காது மடல் சூடாகிறது.

முதல் தடவை உன்னைப் பார்த்தது நினைவிருக்கிறதா? தறியில் பாதிச் சேலை நிற்கிறது. கல்யாணப் புடவை, முதலாளி ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். அப்பாவைக் காணோம். எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெரு முனையிலேயே அரசாங்கம் பிராந்திக் கடை வைத்திருந்தது. ஆண்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் கம்பி முன்னால் நின்றேன். உள்ளே நீ.

"எங்கப்பாவுக்குக் குடுக்காதீங்க."

"எந்த அப்பாங்க? இங்க வர்ற எல்லாருமே யாரோ ஒருத்தருக்கு அப்பாதான்."

நீ கிண்டலாகச் சொல்லவில்லை. உன் முகம் வாடியிருந்தது. சுவரோரம் சாய்ந்து கிடந்தவரைக் காட்டினேன். கடையை விட்டு வெளியே வந்து, நீயே அவரைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தாய். மறுநாளிலிருந்து அப்பா வீட்டில் புலம்ப ஆரம்பித்தார்: "எல்லாருக்கும் குடுக்கறான், எனக்கு மட்டும் இல்லன்றான். பேஜார் புடிச்சவன்." அவர் வேறு ஆளை விட்டு வாங்கிக் குடிக்கத்தான் செய்தார். ஆனால் என் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அதே மாதத்தில்தான் தனம் அக்கா எங்கள் தெருப் பெண்களைக் கூட்டினாள். குடியால் புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். கடையை மூட வைக்காமல் ஓய்வதில்லை என்று நின்றாள். எனக்குப் பேச வரும், மனு எழுத வரும். மைக்கை என் கையில் கொடுத்தாள். நான் பேசியது எதுவும் பொய்யில்லை. அப்பா உழைப்பெல்லாம் போன வழி எனக்குத் தெரியும், அம்மாவின் உடம்பில் இருந்த காயங்களும் தெரியும்.

மாலையில் உன் கடைக்கு எதிராகப் பேசுவேன். மறுநாள் காலை களம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கோடி பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வெம்பாக்கம் பக்கம் உங்கள் ஊர். அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். உங்கள் காலனியில் முதல் டிகிரி நீ. வாத்தியார் வேலைக்குப் படித்துவிட்டு, கிடைத்த வேலை இது என்று கம்பிக்கு உள்ளே நின்றாய். ஒரு சொட்டுக்கூட நீ தொட்டதில்லை. "வாசனையே கொமட்டுது, இதுல குடிக்க வேற செய்யணுமா?" என்பாய்.

பிறகு அந்த முற்றுகை நாள். துடைப்பமும் வாளியுமாகப் பெண்கள் கடையைச் சூழ்ந்துகொண்டார்கள். கோஷம் போட்டது என் குரல். தனம் அக்கா கரைத்து வைத்திருந்த சாணியைக் கம்பி வழியாக ஊற்றினாள். உன் சட்டை, கழுத்து, மோவாய் எல்லாம் வழிந்தது. கூட்டம் சிரித்தது. நீ என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் என்னைக் காட்டிக் கொடுத்தது போலாகிவிடும் என்று நினைத்தாய் போல. அடுத்த கோஷத்தை நான் போட்டேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

அன்று மாலை போன் செய்து அழுதேன். "அழாத. நீ பேசினது கரெக்ட்டுதான. அந்தக் கடை அங்க இருக்கவே கூடாது. சட்டைதான, துவைச்சாச்சு" என்றாய்.

கடை மூடப்பட்டது. தெருவில் பட்டாசு வெடித்தோம். உன்னைத் தெள்ளார் பக்கம் ஒரு கடைக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த வாரமே அதே பெஞ்சில் நீ கேட்டாய்: "கடைதான் போச்சே. இப்பவாச்சும் உங்க வீட்ல வந்து பேசட்டுமா?"

"நீ அந்த வேலையில இருக்கிற வரைக்கும் எப்படி? மைக்ல ஒண்ணு பேசிகினு, வீட்ல ஒண்ணு பண்ண முடியுமா? தனம் அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"சரி, வேலைய உட்டுடறேன். இங்கியே ரைஸ் மில்லுல மூட்டை தூக்கறேன். அப்ப என்னைக் கூட்டிகினு போய் உங்க தெருவுல நிறுத்துவியா?"

நான் ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். உங்கள் ஊர், உங்கள் காலனி, எங்கள் தெரு, என் அம்மா சொல்லப்போகும் வார்த்தை, எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்து நின்றன. உனக்குப் புரிந்துவிட்டது. "பரவால்ல. ஜல்தி ஒண்ணுமில்ல" என்று எழுந்து, எனக்கு டீ வாங்கி வரப் போனாய். கடை என்கிற காரணத்தின் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்ததை அன்று நாம் இருவருமே பார்த்தோம். அதன் பிறகு அதைப் பற்றி நீ பேசவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஊருக்குப் போய் மருந்து சாப்பிட்டு வருகிறேன் என்றாய். பிறகு வேலூர் ஆஸ்பத்திரி. பிறகு நீ இல்லை.

உங்கள் வீட்டுக்கு வந்தேன். வேப்பமரத்தடியில் பந்தல். உன் அம்மா என் கையைப் பிடித்து, "நீ யாரும்மா?" என்று கேட்டார்.

"கூடப் படிச்சவங்க" என்றேன்.

அந்த நிலையிலும் அவர், "வெயில்ல வந்துகீற, தண்ணி குடுங்கம்மா யாராச்சும்" என்றார்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த கூட்டத்தில் தனம் அக்கா மைக்கில் சொன்னாள்: "நம்ம தெருவுல கடைல நின்னானே அந்தப் பையன், ஈரல் கெட்டுச் செத்துட்டான். விக்கிறவனையே உடல பாருங்க இந்தக் குடி!" பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அடுத்துப் பேச வேண்டியவள் நான். மைக்கை வாங்கினேன். பேசினேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குடிக்காத உன்னைக் குடிகாரனாக ஊர் புதைத்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரொம்ப நாள் கழித்து, தனம் அக்கா வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

"அக்கா, அந்தக் கடைக்காரர் குடிக்க மாட்டாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க கட்டிக்கறதா இருந்தோம்."

சுற்றிய ராட்டை நின்றது. "அன்னிக்கு நான் சாணி ஊத்தும்போது நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமாக்கா."

"என் கையைப் புடிச்சிருக்கக் கூடாதாடி?" அவள் கண் கலங்கிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நான் கடையைத்தான மூடச் சொன்னேன். அவனை உடச் சொல்லி உன்ன யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் தனம் அக்கா தான் சொன்னது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். நான் செய்ய வேண்டியதை அவள் செய்தாள்.

இன்னும் போராட்டங்களுக்குப் போகிறேன். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை, உனக்கும் வந்ததில்லை. போன வாரம் பைபாஸ் பக்கம் புதிதாகத் திறந்த கடை முன்னால் நின்றோம். ஒரு பெண் உள்ளே இருந்த பையனை அவன் அம்மாவை இழுத்துத் திட்ட ஆரம்பித்தாள். நான் அவள் தோளைப் பிடித்தேன்.

"கடையைச் சொல்லுங்க. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

"ஏன், உனக்குச் சொந்தமா?" என்று எரிந்து விழுந்தாள்.

"ஆமா" என்றேன்.

முன்பின் தெரியாத ஒருவனுக்காக, அத்தனை பேர் நடுவில், யோசிக்காமல் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் முறைத்துவிட்டு நகர்ந்தாள், கூட்டம் அடுத்த கோஷத்துக்குப் போயிற்று. அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் உனக்குச் சொல்லாமல் விட்டேன்.