சத்தம் நின்ற பீப்பா

14.08.1996, புதன்

நகரின் மறுகோடியில் உள்ள மொண்டெல்லோவில் தங்கை பிலோமினா தங்கி வேலை செய்யும் வீட்டுக்குப் பின்னேரம் போயிருந்தேன். வீட்டுக்கார சிஞ்ஞோரே தானே பியர் செய்து, அவளுடைய அறைக்கு அடுத்த அறையில் பெரிய பிளாஸ்டிக் பீப்பாவில் அடைத்து வைத்திருக்கிறார். நேற்று மறுபடி சீனி போட்டாராம்; அது புளித்துக் காஸ் கூடிவிட்டது. பீப்பாவிலிருந்து காஸ் சீறும் சத்தத்தில், சுவருக்கு மறுபக்கம் படுக்கும் அவளுக்கு நித்திரை இல்லை.

மூடியைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் பூசினேன். குமிழி வந்த இடத்தில் ரப்பர் வளையத்துக்கு வாசலீன் தடவி இறுக்கினேன். மூடியின் நடுவிலிருந்த சின்னக் குழாயிலும் குமிழி வந்தது. அதைப் பசை வைத்து அடைத்துக் கம்பியால் கட்டினேன். சிஞ்ஞோரே முதுகில் தட்டிப் பாராட்டினார். பிறகு பீப்பா இருந்த அறையைப் பூட்டி, மனைவி சிஞ்ஞோராவை வீட்டில் விட்டு, திறப்போடு வெளியூர் போய்விட்டார்.

இரவு இங்கே பிரான்காச்சோவில் என் அறையில் சமைக்கும்போது பிரஷர் குக்கர் சீறியது. அப்போதுதான் உறைத்தது. அந்தக் குழாய் கசியவில்லை. கூடுகிற காஸை வெளியே விடத்தான் அது இருந்தது.

ஓடிப்போய் அவளுக்குப் போன் எடுத்தேன்.

"இப்ப சத்தமே இல்லை அண்ணா. இண்டைக்குத்தான் நிம்மதியாப் படுக்கப் போறன்."

"உன்ரை அறையிலை படுக்காதை பிள்ளை. ஹோலுக்குப் போ."

"சிஞ்ஞோரா ஏசுவா. விடியக் கதைப்பம்."

வைத்துவிட்டாள். திரும்ப எடுத்தால் எங்கேஜ். சிஞ்ஞோரா ரிசீவரைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருப்பார்.

கடைசி பஸ் போய்விட்டது. அறைத்தோழன் அன்ரன் மோட்டார் சைக்கிள் இரவல் கேட்கப் போயிருக்கிறான். பூட்டை உடைத்தால் அவளுக்கு அந்த வேலை இல்லை. போகட்டும். கீழே ஹோர்ன் கேட்கிறது.